916 முத்திரை சொல்லாதவை

தங்க வளையலின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மூன்று அடையாளங்கள் தெரியும். ஒன்று, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம். அடுத்தது, 22 காரட் தங்கம் என்பதைச் சொல்லும் 916 என்ற எண். மூன்றாவது, எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு குறிகள். 2021 ஜூன் 16 முதல் மாவட்டம் மாவட்டமாக ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகை என்று விற்க அந்த ஆறு குறிகளும் இருந்தே ஆக வேண்டும். கைபேசியில் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அவற்றைத் தட்டினால், நகை எந்த மையத்தில் சோதிக்கப்பட்டது, தூய்மை எவ்வளவு என்பதெல்லாம் வந்துவிடும். உரைகல்லையும் கடைக்காரரின் வாய்ச்சொல்லையும் மட்டுமே நம்பியிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய பாதுகாப்பு.

ஆனால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பதோடு முத்திரையின் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தத் தங்கம் எந்த மண்ணிலிருந்து வந்தது, அதைத் தோண்டியவர் எதைச் சுவாசித்தார், பற்றவைத்த ஆசாரிக்கு என்ன கூலி கிடைத்தது, பதித்த கல்லை யார் தேய்த்தார் என்பவை வளையலில் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. நேர்மையாகச் செய்யப்பட்ட நகையைத் தேடுபவர் இவற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் மண். இன்றைய பல சுரங்கங்கள் ஒரு டன் பாறைக்கு ஓரிரு கிராம் தங்கம் கிடைத்தாலே லாபமாக ஓடுகின்றன. அப்படியானால் எட்டு கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு நான்கு முதல் எட்டு டன் பாறையை உடைத்து, பொடியாக்கி, சயனைடு கரைசலில் ஊறவைக்க வேண்டியிருக்கிறது. தங்கம் போன பிறகு அந்தப் பொடி எங்கே போகிறது என்பதைப் பார்க்க வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கோலார் தங்க வயலை 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் எடுத்து நடத்தத் தொடங்கியது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே தரைக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அரைத்துக் கொட்டிய கழிவு மண் மட்டும் குன்றுகளாக நிற்கிறது. ஊர்க்காரர்கள் அவற்றைச் சயனைடு மலை என்கிறார்கள். காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது. பாறைத்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் மருத்துவர்களின் கவனத்துக்கு முதலில் வந்த இடங்களில் கோலாரும் ஒன்று.

பெரிய நிறுவனங்களுக்கு வெளியே, கையாலும் சிறு இயந்திரங்களாலும் தோண்டுபவர்கள் பெரு, கானா, இந்தோனேசியா போன்ற நாடுகளில் கோடிக்கு மேல் இருக்கிறார்கள். அரைத்த மண்ணில் பாதரசத்தைக் கலந்தால் அது தங்கத்துகளைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கலவையைச் சட்டியில் வைத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் தங்கும். சமையல் அடுப்பிலேயே இதைச் செய்யும் குடும்பங்கள் உண்டு. ஆவியை மூச்சில் இழுப்பவர்களின் நரம்பு மண்டலம் கெடுகிறது. ஆற்றில் சேரும் பாதரசம் மீன் வழியாக மீண்டும் மனிதருக்கே வருகிறது. மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தத் தொழிலிலிருந்தே வருவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிடுகிறது. இதைக் குறைப்பதும் 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையின் நோக்கங்களில் ஒன்று. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது.

இந்தியா தனக்கு வேண்டிய தங்கத்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. சுத்திகரிப்பு ஆலையில் பல நாட்டுத் தங்கமும் ஒன்றாக உருகிய பின் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. தோண்டியவருக்கு நியாய விலையும் பாதுகாப்பும் உறுதி செய்யும் ஃபேர்ட்ரேட், ஃபேர்மைன்ட் சான்றிதழ்கள் இருந்தாலும் அவை ஐரோப்பியக் கடைகளில்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. பாண்டி பஜாரிலோ மதுரைத் தெற்காவணி மூல வீதியிலோ அவற்றைத் தேடுவது வீண். நம் ஊரில் கைக்கெட்டும் வழி இன்னும் எளியது: பழைய தங்கம். பீரோவில் கிடக்கும் அறுந்த சங்கிலியையும் ஜோடி இழந்த கம்மலையும் உருக்கிச் செய்த நகைக்காகப் புதிதாக ஒரு பிடி பாறையைக்கூட உடைக்க வேண்டியதில்லை.

இது தமிழ் வீடுகளுக்குப் புதிதும் அல்ல. கல்யாணத்துக்கு நகை செய்ய ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துத் திண்ணையில் உட்காரவைத்து, பாட்டியின் நகையை உருக்குவதிலிருந்து பேத்தியின் நகைக்கு மெருகு போடுவதுவரை கண்ணெதிரே செய்துகொள்ளும் வழக்கம் இருந்தது. அதை இப்போது வேறு வடிவில் மீட்டெடுக்கலாம். நகையை முதலில் சோதனை மையத்தில் கொடுத்து மாற்று எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு பட்டறைக்குப் போவது நல்லது. கடையில் 'பழசைப் போட்டுப் புதுசு எடுக்கும்'போது கழிவு ஒருமுறை பிடிக்கப்படும், புது நகைக்குச் சேதாரம் மறுமுறை போடப்படும். பட்டறையில் செய்கூலி பேசி முடிப்பவர் இந்த இரட்டை இழப்பைப் பெரும்பாலும் தவிர்க்கிறார்.

பழைய நகையை உருக்குவதில் ஒரு ஆபத்தும் உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கேடிஎம் என்ற சொல்லின் கதை தெரிய வேண்டும். நகையின் துண்டுகளை ஒட்டவைக்க, நகையைவிடக் குறைந்த சூட்டில் உருகும் உலோகப் பொடி வேண்டும். 'பொடி வைத்துப் பேசுவது' என்ற வழக்கே பட்டறையில் பொடி வைத்து ஊதுவதிலிருந்து வந்தது என்பார்கள். முன்பு அந்தப் பொடியில் செம்பு அதிகம் இருந்ததால், நகையை உருக்கும்போது மாற்று குறைந்துபோனது. பற்றுவைப்புக்குத் தங்கத்தோடு காட்மியம் சேர்த்தால் 92 சதவீதத் தூய்மை அப்படியே நின்றது. வாங்குபவர்களுக்கு அது வரமாகத் தோன்றியது. கேடிஎம் என்ற பெயரே தரத்தின் அடையாளமாகக் கடைப்பலகைகளில் ஏறியது. ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். ஊதுகுழலின் சுடர் அதைவிடச் சூடானது. ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் ஆசாரி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும் புகையைத்தான் முகர்ந்தார். வாங்குபவரின் மாற்று குறையாமல் இருந்ததற்குச் செய்தவரின் உடம்பு விலை கொடுத்தது. இன்றைய ஹால்மார்க் தரம் காட்மியத்தை ஏற்பதில்லை. துத்தநாகம், இண்டியம் போன்றவை அதன் இடத்துக்கு வந்துள்ளன. ஆனால் 1990களில் வாங்கிய நகைகளில் அது இன்னும் இருக்கக்கூடும், உருக்கும்போது வெளியே வரும். பழைய நகையை உருக்கக் கொடுப்பவர் 'இதில் கேடிஎம் பற்று இருக்கலாம்' என்று ஆசாரியிடம் சொல்லிவிட வேண்டும். புகையை வெளியே இழுக்கும் விசிறி உள்ள பட்டறையைத் தேர்ந்தெடுப்பதும் வாங்குபவரால் முடிந்த காரியம்தான்.

ஆசாரிகளின் வாழ்வு ஒருமுறை சட்டத்தாலேயே ஒடிந்திருக்கிறது. சீனப் போருக்குப் பின், 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்வதைத் தடுத்தன. நாடெங்கும் பொற்கொல்லர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 14 காரட் வரம்பு சில ஆண்டுகளில் தளர்ந்தாலும் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990வரை நீடித்தது. அதன் பிறகு வந்தது இயந்திரம். மெழுகு அச்சில் வார்த்த நகை ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் வரும்போது, கம்பி இழுத்து, தகடு அடித்து, அரும்பு அரும்பாக ஒட்டிச் செய்பவர் போட்டியிட முடியாமல் போனார். கோவையிலும் நாகர்கோவிலிலும் அடுத்த தலைமுறை பட்டறைக்கு வர மறுப்பதன் காரணம் இதுதான். ரசீதில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதில் ஆசாரியின் கைக்குப் போனது எவ்வளவு என்று எந்த ரசீதிலும் இருக்காது. பட்டறையில் நேரடியாகச் செய்யக் கொடுத்தால் கூலி முழுவதும் செய்பவருக்கே போகிறது.

கையால் செய்ததா என்பதை நகையைத் திருப்பிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். வார்ப்பு நகையில் எல்லாப் பூவும் ஒரே பூவாக இருக்கும். இதழ்களின் இடுக்குகள் மழுங்கியிருக்கும். கைவேலையில் இரண்டு பூக்களுக்கு இடையே மயிரிழை வித்தியாசம் இருக்கும், பின்புறத்தில் பற்றுவைத்த இடம் தெரியும். வார்ப்பு நகைக்குக் கையால் மெருகு மட்டும் போட்டுவிட்டு 'கைவேலை' என்று விற்பதும் நடக்கிறது. எந்தப் பகுதி கையால் ஆனது என்று கேட்டால் நேர்மையான விற்பனையாளர் சொல்லிவிடுவார்.

நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகள் இதற்கு நல்ல உரைகல். வெள்ளியில் கூடு செய்து, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக் கற்களை இருத்தி, ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் மெல்லிய தங்கத்தாளை அழுத்திப் பதிக்கிறார்கள். பரதநாட்டிய மேடையில் காணும் சூரியப் பிரபையும் சந்திரப் பிரபையும் ஜடை நாகமும் ஒட்டியாணமும் இந்த மரபைச் சேர்ந்தவை. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதாவது அந்தப் பெயரில் வேறு ஊரில் செய்ததை விற்பது சட்டப்படி தவறு. ஆனாலும் தாமிரத்தில் வார்த்து முலாம் பூசியவை 'டெம்பிள் ஜூவல்லரி' என்ற பொதுப் பெயரில் சந்தையை நிறைத்திருக்கின்றன. விலையில் உள்ள வித்தியாசம், வெள்ளியின் விலை மட்டுமல்ல. ஒரு தலைச்சாமானுக்காக நாட்கணக்கில் குனிந்திருந்த கழுத்தின் கூலியும் அதில் இருக்கிறது.

கற்களின் கதை இன்னும் கடினமானது. குஜராத்தின் காம்பத்தில் ஹரப்பா காலத்திலிருந்து அகேட் மணிகள் செய்யப்படுகின்றன. அகேட் ஏறக்குறைய முழுவதும் சிலிக்கா. வீட்டு முற்றத்தில் சாணைச் சக்கரத்தில் உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசி, தேய்ப்பவருக்கும் பக்கத்தில் தூங்கும் குழந்தைக்கும் சிலிக்கோசிஸைக் கொடுக்கிறது. அதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பெருமளவு குறையும். அதற்கான கருவிச் செலவை ஈடுகட்டும் விலை மணிக்குக் கிடைப்பதில்லை. உடம்புக்கு நல்லது என்று விற்கப்படும் மணிமாலைகளிலும் இந்தக் கற்கள் உண்டு. அவற்றை வாங்குபவர் ஈரமாகத் தேய்த்ததா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் குடும்பங்களும், சீன இயந்திரக் கற்களின் வரவால், இதே விலை நெருக்கடியில்தான் சிக்கியிருக்கின்றன.

இயற்கை வைரத்துக்கு 2003இல் தொடங்கிய கிம்பர்லி சான்று முறை இருக்கிறது. சியரா லியோன் போரில் கிளர்ச்சிக் குழுக்கள் வைரம் விற்று ஆயுதம் வாங்கிய கொடுமைக்குப் பின் வந்தது அது. அதன் வரையறை குறுகியது: அரசுக்கு எதிரான கிளர்ச்சிப் படைக்குப் பணம் போகிறதா என்பதை மட்டும் பார்க்கிறது. அரசின் படையே அடித்து உதைத்துத் தோண்டவைத்தாலும், குழந்தைகள் தோண்டினாலும் சான்று கிடைக்கக்கூடும். ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் இந்தக் குறைகள் இல்லாதது, உண்மையான வைரமும்கூட. ஆனால் அதற்கு மின்சாரம் அதிகம் தேவை. நிலக்கரி மின்சாரத்தில் வளர்த்த கல்லைப் பசுமை வைரம் என்று விளம்பரப்படுத்துவதை அப்படியே ஏற்க முடியாது.

இவற்றுக்கு நடுவே இலங்கையின் இரத்தினபுரி கவனிக்கத்தக்கது. அங்கே நீலக்கல் பெரும்பாலும் கையால் தோண்டிய சிறு குழிகளிலிருந்து எடுக்கப்படுகிறது. உரிமம் கொடுக்கும் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபை, வேலை முடிந்ததும் குழியை மூடுவதற்காக முன்பணம் பிடித்துவைக்கிறது. கிடைக்கும் கல்லில் நிலத்துக்காரர், உரிமக்காரரோடு குழிக்குள் இறங்குபவருக்கும் பங்கு உண்டு. குறைகள் இல்லாமல் இல்லை. ஆயினும் ஊரும் சுரங்கமும் அறிந்து வாங்கக்கூடிய கற்கள் இருக்கின்றன என்பதற்கு இது சான்று.

உயிரினங்களிலிருந்து வரும் நகைகளைப் பொறுத்தவரை தயங்க இடமே இல்லை. யானைமுடி மோதிரமும் புலிநகப் பதக்கமும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விற்பனைக்குரியவை அல்ல. திருவிழாக் கடைகளில் இவை வெளிப்படையாகத் தொங்குவதால் சட்டம் மாறிவிடாது. நவரத்தின மோதிரத்துக்கான செம்பவளம் மத்தியதரைக் கடலில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்காமல் வளர்வது. அதைப் புதிதாக வாங்குவதைவிடப் பழைய நகையிலிருந்து எடுத்துப் பதிப்பது மேல்.

தங்கம் வாங்க முடியாதவர்களின் நகையையும் இந்தப் பேச்சில் விட்டுவிடக் கூடாது. கவரிங் நகை வாங்கும்போது நிக்கல் கலப்பு இல்லையா என்று கேட்க வேண்டும். காதுமடல் அரித்துச் சிவப்பதற்கு முக்கியக் காரணம் நிக்கல். முலாம் போனதும் மறுபடி முலாம் பூசித் தரும் கடையில் வாங்கினால் நகை குப்பைக்குப் போகாது. பேருந்து நிலைய வாசலில் நரிக்குறவர் பெண்கள் கோத்து விற்கும் மணிமாலை, செய்தவரிடமிருந்தே நேராக வாங்கக்கூடிய மிகச் சில நகைகளில் ஒன்று. அங்கே பத்து ரூபாய் குறைத்துக் கேட்பது அந்த நாளின் கூலியில் கைவைப்பதாகும்.

கடைசியாக, நகை எவ்வளவு காலம் உழைக்கும் என்பது. திருகு தேய்ந்தால் மாற்ற முடிகிறதா, கல் விழுந்தால் அதே அளவில் கிடைக்குமா, கண்ணி விட்டால் பற்றவைக்கத் தகட்டில் கனம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். எடையைக் குறைக்க உள்ளே கூடாகச் செய்த மெல்லிய நகை ஒருமுறை நசுங்கினால் சரிசெய்வது கடினம். அதை உருக்கத்தான் வேண்டும், மறுபடி கூலியும் சேதாரமும். கனமான தகட்டில் கையால் செய்ததைச் செய்தவரிடமே கொண்டுபோகலாம். அவர் ஊதுகுழலை எடுத்து, வெங்காரம் தடவி, விட்ட இடத்தை மட்டும் பற்றவைத்துத் தருவார்.