பொங்குவது பாலா, பானையா?

மும்பையில் சயான் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கி நடந்தால் தாராவி. பொங்கலன்று காலையில் 90 அடி ரோட்டில் பெண்கள் செங்கல்லைக் கூட்டி, விறகடுக்கி, வரிசையாகப் பொங்கல் வைப்பார்கள். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்களின் வழிவந்தவர்களும் உண்டு. பத்துக்குப் பத்து அறைக்குள் விறகெரிக்க முடியுமா? தெருதான் முற்றம்.

பானைக்கும் அலைய வேண்டாம். நடக்கிற தூரத்தில் கும்பார்வாடா. சௌராஷ்டிரத்துக் குயவர்கள் 1930களில் இங்கே குடியேறினார்கள். சக்கரத்துக்கு மோட்டார் வந்துவிட்டது. சூளையில் எரிவது பஞ்சுக் கழிவு. அந்தப் புகை அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சூளையில் 500 டிகிரி செல்சியஸ் வாக்கில், களிமண் தன் படிகத்துக்குள் பிணைந்திருக்கும் நீரை இழக்கத் தொடங்குகிறது. இழந்தபின் எத்தனை நாள் ஊறினாலும் சேறாகாது. ஆனால் பீங்கானுக்கு வேண்டிய அளவு சூடு இங்கே ஏறுவதில்லை. நுண்துளைகள் மூடாமல் நின்றுவிடும். அதுவும் நல்லதற்குத்தான். சூட்டில் கிளம்பும் மெல்லிய விரிசல், துளையில் முட்டி நின்றுபோகும். அடி உருண்டையாக இருப்பதும் காரணத்தோடுதான்: மூலை இருந்தால் இழுவிசை அங்கே குவிந்து பானை பிளக்கும்.

சரி, ஏன் பொங்குகிறது? வெறும் தண்ணீர் கொதித்தால் குமிழி மேலே வந்ததும் உடைந்துவிடும். பால் அப்படி விடாது. சூடேறும்போது புரதமும் கொழுப்பும் ஆடையாகப் படர, கீழிருந்து வரும் நீராவி அதற்கடியில் மாட்டிக்கொண்டு நுரையாகத் திரளும். பாலோடு அரிசி களைந்த தண்ணீரும் சேர்ப்பது வழக்கமல்லவா? அதிலுள்ள மாவுச்சத்து நுரையைச் சீக்கிரம் உடையவிடாது. மிச்ச வேலை பானையின் கழுத்துடையது. அகன்ற வயிற்றில் திரண்ட நுரை குறுகிய கழுத்துக்கு வந்ததும் இடமில்லாமல் சரசரவென ஏறி வழியும். வாயகன்ற சட்டியில் அதே பால் இவ்வளவு வேகமாக ஏறாது. குக்கரில் வைப்பதை நான் பொங்கல் என்று ஒப்புக்கொள்வதில்லை. அது சர்க்கரைச் சாதம்.

புதுப்பானை வாங்குகிறவர்கள் முந்தின நாளே அதைத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகஞ்சி ஊற்றிச் சிறுதீயில் ஒருமுறை கொதிக்கவிடுங்கள். கஞ்சிப்பசை துளைகளை அடைத்துக் கசிவைக் குறைக்கும். ஊறிய பானையை எடுத்த எடுப்பில் பெருந்தீயில் ஏற்றிவிடாதீர்கள்; உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிப்பு விட்டுவிடும்.