கம்பம் நடலாம், காணி யாருடையது?
டிக்கோயாவில் ஒரு பட்டறை போடுவது எப்படி

கொழும்பில் தச்சுப் பாஸிடமோ வெல்டிங் பாஸிடமோ சில வருடங்கள் வேலை பழகிவிட்டு ஊர் திரும்பும் இளைஞர்களை டிக்கோயாப் பக்கத் தோட்டங்களில் அடிக்கடி காணலாம். கையில் தொழில் இருக்கிறது. கொஞ்சம் ஆயுதங்களும் இருக்கின்றன. பட்டறை போட இடம்தான் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் குடும்பமே நெருங்கிப் படுக்கும்போது, இழைப்பு மேசையை எங்கே வைப்பது?

இதற்கு மலிவான வழி கம்பக் கொட்டகை. நிலத்தில் கம்பங்களை நட்டு, குறுக்குச் சட்டம் அடித்து, மேலே தகரம் போடுவது. வன்னியில் மீள்குடியேறிய வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே கொட்டில் என்பதும் இங்கே ஷெட் என்பதும் ஒன்றுதான். 1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் முதலில் போட்டதும் கொட்டில்தான். அவர்களில் பலருக்கு இன்றும் காணி உறுதி கிடையாது. அதனால் முதலில் கேட்க வேண்டியது எத்தனை கம்பம் என்பதல்ல, நிலம் யாருடையது என்பதுதான்.

மூன்று கதவுகள்

1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கைமாறியது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது. அதில் நான்கு தலைமுறையாகக் குடியிருப்பவருக்கு லயத்தின் பின்னால் உள்ள மரக்கறித் துண்டுகூடச் சட்டப்படி சொந்தமில்லை. ஆகவே லயத்தில் இருப்பவர் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. துரை மாறினால் சொல்லும் மாறும். எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது கதவு பிரதேச சபை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல்தான் அது திருத்தப்பட்டது. கட்டட அனுமதிக்கும் தொழில் அனுமதிக்கும் அங்கே போக வேண்டும்.

மூன்றாவது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மண்சரிவு அபாயமுள்ள நுவரெலியா மாவட்டத்தில் அதன் பரிந்துரையை வெறும் தாளாக நினைக்காதீர்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்தது.

ஏழு பேர்ச்சஸுக்குள்

தனி வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் கிடைத்தவர்களுக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. ஒரு பேர்ச்சஸ் 272.25 சதுர அடி. ஏழுக்கு ஏறக்குறைய 1,905. அதில் 550 சதுர அடி வீடு போனால் மீதி 1,355. படி, பாதை, மலசலகூடக் குழி, கான் எல்லாம் கழித்தாலும், நிலம் அதிகம் சரிவில்லாமல் இருந்தால் பன்னிரண்டுக்குப் பதினாறு அடிக் கொட்டகைக்கு இடம் வரும். அது 192 சதுர அடி. எட்டடி இடைவெளியில் இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று கம்பம், மொத்தம் ஆறு.

கொட்டகையை லயத்துச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். மரத்தூளும் வெல்டிங் பொறியும் சேரும் இடம் பட்டறை. ஒரே கூரையின் கீழ் இருக்கும் லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதையும் எடுத்துவிடும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மண், கம்பம், காற்று

கல் சுவர் எழுப்ப வேண்டுமானால் சரிவை அகலமாக வெட்டிச் சமதளமாக்க வேண்டும். கம்பக் கொட்டகைக்கு அவ்வளவு வெட்டத் தேவையில்லை. மேற்பக்கக் கம்பம் கட்டை, கீழ்ப்பக்கக் கம்பம் நீளம் என்று சரிவோடு போகலாம். தளத்துக்காகக் கொஞ்சம் வெட்டினாலும், வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி அதன் மேல் கம்பம் நடக்கூடாது. கொட்டிய மண் மழையில் இறங்கும். அலவாங்கால் குத்தி, அசையாத பழைய மண் வரும்வரை தோண்டி, அதற்குள் மூன்று நான்கு அடி இறங்க வேண்டும். பாரமான இயந்திரத்தையும் வெட்டிய பக்கத்திலேயே வையுங்கள்.

யூக்கலிப்டஸை, அதாவது நம்மவர்கள் டர்பன்டைன் என்று சொல்லும் மரத்தை, அனுமதியோடு வாங்கலாம். தோட்டத்து மரத்தை நாமாக வெட்டினால் அது வேறு வழக்காகும். கம்பம் உக்குவது அடியிலும் அல்ல, உச்சியிலும் அல்ல. ஈரமும் காற்றும் சேரும் நிலமட்டத்தில்தான். பழைய எஞ்சின் ஒயில் பூசுவது அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். நல்ல வழி, நிலத்துக்கு மேல் ஓரடி எழும் கொங்கிரீட் அடிக்கட்டையில் இரும்புப் பட்டையைப் பதித்து, அதில் கம்பத்தை போல்ட் போட்டு முடுக்குவது. அப்படிச் செய்தால் கம்பம் தானாக நிமிர்ந்து நிற்காது. அதனால் மூலைக்கு மூலை சாய்வுச் சட்டம் கட்டாயம்.

தென்மேற்குப் பருவக்காற்று கூரையை அழுத்துவதில்லை, தூக்குகிறது. வெறும் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். தகரத்தைச் சட்டத்தோடும், சட்டத்தைக் கம்பத்தோடும் பட்டையாலும் போல்டாலும் பிணைக்க வேண்டும்.

பிறகு தண்ணீர். ஓர் அங்குல மழை பெய்தால் இந்தச் சிறிய கூரையிலிருந்தே ஏறக்குறைய 450 லீற்றர் கொட்டும். அது கம்பத்தடியில் விழக்கூடாது. பீலி வைத்துக் கானுக்குத் திருப்புங்கள். மேற்பக்கத்திலும் ஒரு கான் வெட்டுங்கள். தேயிலை மலையில் கான் வெட்டிய கைகளுக்கு இது தெரிந்த வேலைதான். கம்பம் சாய்ந்தாலோ, மண்ணில் வெடிப்பு விழுந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, ஆயுதங்களை எடுக்க நிற்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள்.

கழற்றக்கூடியது

போல்ட் போட்ட கொட்டகைக்கு இன்னொரு குணம் உண்டு. எழும்பச் சொன்னால் கழற்றிக்கொண்டு போகலாம். கம்பம், தகரம், சட்டம் எல்லாம் நம்முடையவை. கொங்கிரீட் அடிக்கட்டை மட்டும் மிஞ்சும். இடம்பெயர்ந்த அனுபவமுள்ளவர்களுக்கு அதன் பெறுமதி புரியும்.

ஆனால் கழற்றத் தோதாகக் கட்டுவது ஒரு கெட்டித்தனமே தவிர உரிமை அல்ல. காணி உறுதியை ஈடு வைத்தால் வங்கியில் கடன் கேட்கலாம். உறுதி இல்லாத பட்டறைக்காரருக்கு அந்த வழி இல்லை. இயந்திரம் வாங்க வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். இரண்டு பேரை வேலைக்குச் சேர்த்து, அவர்களுக்கும் தொழில் பழக்கி, பட்டறையைப் பெருப்பிக்க யோசிக்கும்போது, எப்போது எழும்பச் சொல்வார்களோ என்ற பயம் கையைப் பிடிக்கும். கம்பத்தை நான்கடி ஆழத்தில் நடத் தெரிந்தவர்கள்தான் நம் பிள்ளைகள். அந்த நான்கடி மண்ணுக்கு ஒரு தாள் வேண்டும். தனி வீட்டுக்கு உறுதி கேட்கும்போது, தொழில் செய்யும் இடத்துக்கும் சேர்த்துக் கேட்போம்.