பள்ளிக்கூடத்தில் நிலையான காய்கறித் தோட்டம்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 1956-ம் வருஷம் காமராஜர் ஆட்சியில் மத்தியான உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அரிசியும் பருப்பும் சர்க்காரிடமிருந்து வருகின்றன. பசுங்கீரையை ஊராரே விளைவித்துத் தரலாம். ஆனால் பல பள்ளித் தோட்டங்கள் மழைக்காலத்தில் செழித்து, கோடை விடுமுறையில் காய்ந்து போகின்றன. ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்க வேண்டியிருப்பதால் உபாத்தியாயர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஊக்கம் குன்றுகிறது.

இக்குறையை நீக்கும் முறையொன்றுண்டு. ஆஸ்திரேலியாவில் பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரென் என்னும் இருவர் 1978-ல் வெளியிட்ட நூலில் அதனைப் ‘பெர்மாகல்ச்சர்’ என்றனர். நிரந்தர விவசாயம் என்பது பொருள். காட்டை ஒருவரும் உழுவதில்லை. உதிர்ந்த சருகே மண்ணை மூடி எருவாகிறது. தோட்டத்தையும் அவ்விதமே அமைப்பது இம்முறையின் சாரம்.

முதலாவது, நீர். பிள்ளைகள் தட்டுக் கழுவும் இடத்தருகே 6 அடி அகலம், 3 அடி ஆழத்தில் குழி வெட்டிச் சருகும் தழையும் நிரப்பி, கரையில் வாழையும் சேம்பும் நட வேண்டும். நீர் வெளியே தெரியாதபடி சருகு மூடியிருந்தால் கொசு உண்டாகாது. சவர்க்கார நீரைக் கீரைப் பாத்தியில் விடலாகாது.

இரண்டாவது, பயிர். வருஷந்தோறும் விதைக்க வேண்டாத முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளி ஆகியவற்றை ஐப்பசி மழையோடு நட வேண்டும். அகத்தியின் வேர்முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குகின்றன. இடையே கீரை, கத்தரி, வெண்டைப் பாத்திகள் 3 அடி அகலத்துக்கு மேற்படாதிருந்தால், பிள்ளைகள் உள்ளே மிதியாமல் இருபுறமும் நின்று பறிக்கலாம். பாத்தியின்மேல் நான்கு விரற்கடைக் கனத்துக்கு வைக்கோலோ சருகோ பரப்பினால் ஈரம் தங்கும், களையும் குறையும். ஆடு புகாதிருக்கக் கிளுவைப் போத்துகளை நெருக்கி நட்டு உயிர்வேலி அமைக்கலாம்.

மூன்றாவது, காவல். இளங்கன்றுகள் பிழைப்பதும் அழிவதும் முதற் கோடையில்தான். அப்போது பள்ளி மூடியிருக்கும். ஆகவே சங்க அங்கத்தினர்கள் வாரத்துக்கு இரண்டு குடும்பம் வீதம் முறை வகுத்து, பெயர்களைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, நீர் விட்டு வருதல் அவசியம். அவ்வாரத்தில் கிடைக்கும் காயும் கீரையும் நீர் விட்டவர்களுக்கே உரியன என்று தீர்மானித்தல் நியாயம். பள்ளி திறந்தபின் விளைவு முழுவதும் பிள்ளைகளின் உணவுக்கே சேர வேண்டும். விடுமுறைக்கு ஒரு மாதம் முன்னரே சங்கங்கள் கூடி இம்முறையை முடிவு செய்துகொள்வது நலம்.