பச்சைக் குழந்தைக்கு ஒரு மூலை

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வரும் வீடுகளில், வளைகாப்புக்கு ஓடுகிற ஓட்டத்தில் கால்வாசி கூட, பிறக்கப் போகும் குழந்தையை எங்கே படுக்க வைப்பது என்ற யோசனைக்கு இருப்பதில்லை. தனி அறை, கலர் தொட்டில், தொங்கும் பொம்மை எல்லாம் வசதி உள்ளவர்கள் சமாசாரம் என்று விட்டுவிடுகிறோம். ஒரு ஹாலும் சமையலறையும் மட்டும் உள்ள எங்கள் வீட்டிலேயே இதைச் செய்ய முடிந்தது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் அம்மா இல்லை. அதனால் தங்கையின் பிரசவம் என் பொறுப்பு. ஊர் தர்மபுரி, மாதம் மார்கழி. விடியற்காலையில் தரையில் கால் வைக்க முடியாத குளிர். குழந்தை மூன்று வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. எடை 1 கிலோ 900 கிராம். இரண்டரை கிலோவுக்குக் கீழே இருந்தாலே எடை குறைவு என்றுதான் கணக்கு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பும்போது, "குளிர் படக்கூடாது, கை கழுவாமல் யாரும் தொடக்கூடாது. மருந்தைவிட அதுதான் முக்கியம்" என்றார் நர்ஸ் அம்மா.

அந்த ஒன்பது நாளில் ஹாலின் ஒரு மூலையை ஒழித்தோம். ஜன்னலுக்கு நேராக வேண்டாம், தாளிக்கும் நெடி வரும் சமையலறைப் பக்கமும் வேண்டாம் என்று உள்சுவரை ஒட்டிக் கட்டிலைப் போட்டார் என் கணவர். பரணில் இருந்த அண்டா, சூட்கேஸ் எல்லாம் இறங்கின. தலைக்கு மேல் எதுவும் இருக்கக்கூடாதல்லவா! மாமனாரின் பழைய வேட்டிகளைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கிழித்தேன். புதுத்துணியைவிட அதுதான் மெத்தென்று இருக்கும். மூடி போட்ட டப்பாவில் சுத்தமான துணி, மூடி போட்ட பக்கெட்டில் அழுக்குத் துணி. பக்கத்திலேயே குல்லா, சாக்ஸ், பஞ்சு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், அம்மாவுக்குக் குடிக்க வெந்நீர் ஃபிளாஸ்க். எதற்கும் அவள் எழுந்து போக வேண்டியதில்லை. வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வைத்துவிட்டோம். பார்க்க வருகிறவர்களிடம் "கை கழுவுங்க" என்று சொல்ல எனக்குக் கூச்சம். என் பத்து வயது மகளுக்கு அந்தக் கூச்சம் கிடையாது!

இன்னொன்று, நிறைய வீடுகளில் குழந்தை படுக்கும் இடத்தில் மஞ்சள் ஜீரோ வாட் பல்புதான் எரியும். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் காமாலை கண்ணுக்கே தெரியாது. நாங்கள் வெள்ளை விளக்குப் போட்டோம். தினமும் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை உள்ளங்கை, உள்ளங்கால் பார்த்துவிடுவோம்.

மூலை ரெடி. மாமியாரைச் சமாளிப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. "அஞ்சு புள்ள பெத்தவ நான், எனக்குத் தெரியாதா?" என்று கடுகுத் தலையணை, மூக்கில் எண்ணெய், தினம் தலைக்கு ஊற்றி சாம்பிராணிப் புகை என்று வரிசையாக வைத்திருந்தார். எதிர்த்துப் பேசினால் வீடு ரெண்டாகும். வீட்டுக்கு வந்து பார்க்கும் கிராம சுகாதார செவிலியரிடம் விட்டுவிட்டேன். தலையணையே வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள், இப்போதைக்கு ஈரத்துணியால் துடைத்தால் போதும், தொப்புளில் எதுவும் தடவாதீர்கள், சாம்பிராணியும் கொசுவத்தியும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொசுவுக்குக் குடை மாதிரி விரியும் வலை வாங்கினோம்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் ராத்திரி, குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை. தொட்டுப் பார்த்தால் பாதம் மட்டுமல்ல, வயிறும் ஜில்லென்றிருந்தது. தெர்மாமீட்டர் 36.1 டிகிரி காட்டியது. 36.5க்குக் கீழே போகக்கூடாது. ஆஸ்பத்திரியில் கற்றுத்தந்த கங்காரு முறை கை கொடுத்தது. குழந்தைக்கு நாப்கின், குல்லா, சாக்ஸ் மட்டும் போட்டு, தங்கையின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்து, மூக்கு அழுந்தாமல் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மேலே போர்த்தினோம். 1978ல் கொலம்பியா நாட்டில் இன்குபேட்டர் பற்றாமல் போனபோது டாக்டர்கள் ஆரம்பித்த முறையாம் இது. ஒரு மணி நேரத்தில் 36.8 வந்தது, பாலும் குடித்தது. இல்லாவிட்டால் 108க்குப் போன் போட்டிருப்போம். கணவர் செருப்பே போட்டு நின்றார்!

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, விடியற்காலையில் தங்கை கண் சொருகியதும், "எங்கிட்ட குடுடி, நீ தூங்கு" என்று கை கழுவிவிட்டு வந்து, தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். "கோழி அடைகாக்கறதுதானே, இதுக்கு ஒரு வெளிநாட்டுப் பேரு!" அதற்கப்புறம் சாம்பிராணிப் பேச்சே இல்லை.

சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தேன். பால் குடிக்காமல் துவண்டால், நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால், மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுத்தால், வலிப்பு வந்தால், சூடேற்றியும் உடம்பு ஜில்லென்றே இருந்தால், காய்ச்சல் 37.5ஐத் தாண்டினால், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளானால் உடனே ஆஸ்பத்திரி. கீழே பெரிதாக 108. நடுராத்திரி பதற்றத்தில் எதுவும் ஞாபகத்துக்கு வராது.

நாற்பதாம் நாள் குழந்தையின் எடை 2 கிலோ 800. கொசுவலையும் டப்பாக்களும் இப்போது எதிர்வீட்டில். அந்தப் பெண்ணுக்குப் பங்குனியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். வெயில் காலமாயிற்றே, கட்டிலைக் காற்று வரும் பக்கமாகப் போடு, குல்லா சாக்ஸெல்லாம் வேண்டாம், மெல்லிய பருத்தித் துணி போதும் என்று சொல்லியிருக்கிறேன். அத்தையும் தினம் ஒரு தடவை போய் மேற்பார்வை பார்த்துவிட்டு வருகிறார்.

- ஒரு வாசகி, தர்மபுரி.