என்னைக் காதலிப்பது தொண்டூழியமா?

சென்ற மாதம் நானும் அவரும் தேக்கா நிலையத்தில் மதிய உணவுக்குச் சென்றிருந்தோம். கடைக்கார அம்மா அவரைப் பார்த்து, "தங்கச்சி என்ன சாப்பிடும், தம்பி?" என்று கேட்டார். பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் நான் இருந்தேன்.

"எனக்குச் சோறும் மீன் கறியும், ஆன்ட்டி. இவர் என் அண்ணன் இல்லை, காதலர்," என்றேன்.

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு அவரிடம், "உனக்கு நல்ல மனசுப்பா," என்றார். திகைப்பைவிட அந்தப் பாராட்டுதான் எனக்கு வலித்தது. என்னைக் காதலிப்பது என்ன தொண்டூழியமா?

எனக்கு வயது 21. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிறவியிலிருந்தே பெருமூளை வாதம். கால் தசைகள் இறுகியே இருக்கும். ஆனால், ஒருவரைப் பிடித்துப்போகவும் அவரது குறுஞ்செய்திக்காகத் தூங்காமல் காத்திருக்கவும் கால்கள் தேவையில்லையே!

உயர்நிலைப் பள்ளியில் பாலியல் கல்வி வகுப்பு நடந்த நேரத்தில் என்னை நூலகத்திற்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது தேவைப்படாது என்று நினைத்தார்கள். உண்மையில் எனக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்பட்டது. தூக்கிவிட, உடை மாற்றிவிட, சிகிச்சை தர என்று சிறு வயதிலிருந்தே பலர் என்னைத் தொட்டிருக்கிறார்கள். "தொடலாமா?" என்று கேட்டவர்கள் குறைவு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்பதே 17 வயதில்தான் புரிந்தது.

உடற்குறையுள்ளோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாட்டு உடன்பாட்டைச் சிங்கப்பூர் 2013ல் உறுதிசெய்தது. திருமணம் செய்து குடும்பம் அமைக்கும் உரிமையை அதன் 23வது பிரிவு சொல்கிறது. பாலியல், இனப்பெருக்க நலச் சேவைகள் மற்றவர்களுக்குக் கிடைப்பதுபோலவே எங்களுக்கும் கிடைக்கவேண்டும் என்கிறது 25வது பிரிவு.

வீட்டில் சொன்னபோது அம்மா அழுதார். "பாதியில விட்டுட்டுப் போயிட்டா என்னடி செய்வே?" என்றார். அக்காவின் காதல் முறிந்தபோது இதே அம்மா, "போனாப் போறான்," என்று ஐஸ்கிரீம் வாங்கித் தந்தவர். "எனக்கும் அதே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடும்மா," என்றேன். அழுகையிலும் சிரித்துவிட்டார்.

சக்கரங்களை நானே உருட்டுவதால் கைகோத்து நடக்க எங்களால் முடியாது. பேருந்தில் ஏறி, எனக்கான இடத்தில் நாற்காலியை நிறுத்திய பிறகுதான் என் கைகளுக்கு ஓய்வு. அப்போது அவர் கையை நீட்டுவார். முதல்முறை, "பிடிச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டினார். எனக்கு அவரை அன்றுதான் மிகவும் பிடித்துப்போனது.

உங்கள் வகுப்பிலும் என்னைப்போல் ஒருவர் இருக்கலாம். பிடித்திருந்தால் தயங்காமல் பேசுங்கள். இரக்கத்தால் மட்டும் நெருங்காதீர்கள். அவர் உங்களை வேண்டாம் என்றும் சொல்லலாம். எல்லாரையும்போல் அவருக்கும் அந்த உரிமை உண்டு.