மலை தந்த சொல்

கடிதமோ வியாசமோ எழுத உட்கார்ந்தவர் எவருக்கும் ஒரு சங்கடம் தெரியும். எண்ணம் நெஞ்சிலே தெளிவாக இருக்கிறது; அதற்குரிய சொல் மட்டும் வர மறுக்கிறது. வேறு சொற்கள் முண்டியடித்துக் கொண்டு வருகின்றன, ஒன்றும் பொருந்தவில்லை. பிறகு, எதிர்பாராத வேளையில், உரிய சொல் தானாகவே வந்து நிற்கிறது. அப்பொழுது உண்டாகும் ஆனந்தத்திற்கு ஈடு ஏது? அவ்வானந்தத்திற்கு உரிய சொல் ஒன்று ஜவ்வாது மலைச் சாரலிலே தமிழுக்குக் கிடைத்திருக்கிறது.

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கம், சங்க நூலிலே செங்கண்மா என்று வழங்கப் பெற்ற ஊர். ஜவ்வாது மலையில் பிறக்கும் சேயாறு இவ்வூரின் வழியே ஓடுகிறது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் இங்கே நன்னன் என்னும் சிற்றரசன் ஆண்டான். பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையால் வாடும் மற்றொரு கூத்தனுக்கு அவ்வரசனிடம் செல்லும் வழியைச் சொல்வதாக, இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் ஒரு பாட்டுப் பாடினார்.

அவ்வழி மலைவழி. அங்கே எழும் ஒலிகளைப் புலவர் செவி கொடுத்துக் கேட்கிறார். "மலையிலே பலவகைச் சப்தங்கள் கேட்டன" என்று ஒரே வாக்கியத்தில் முடித்திருந்தால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? அவர் அப்படி முடிக்கவில்லை. பிடி நழுவிக் குட்டியைப் பள்ளத்தில் பறிகொடுத்த மந்தி, தன் சுற்றத்தோடு கூடி அலறும் ஓசை, எட்டாத மலைமுகட்டில் தேன் எடுத்தவர் செய்யும் ஆரவாரம், புலி பாய்ந்த கணவனின் மார்புப் புண் ஆற வேண்டி மனைவி பாடும் பாட்டு, யானையைப் பழக்கும் பாகர் பேச்சு, தினை குற்றும் பெண்களின் வள்ளைப் பாட்டு, கரும்பாலையின் ஓசை. ஒவ்வொன்றும் யாருடையது, எதனால் எழுந்தது என்று பிரித்துக் காட்டுகிறார். துயரமும் களிப்பும் உழைப்பும் அவற்றில் தனித்தனியே கேட்கின்றன.

இத்தனையையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் வேண்டுமே! அவர் கண்டது 'கடாம்'. மத யானையின் கன்னத்தில் வழியும் மதநீருக்கு அது பெயர். ஓசைக்கு நீரின் பெயரா என்று முதலில் திகைக்கிறோம். சற்று நின்று யோசித்தால் அதன் பொருத்தம் விளங்குகிறது. மதநீரை யானை வருவித்துக் கொள்வதில்லை. உள்ளே மிகுந்த வலிமை தானே வெளியில் வழிகிறது. மலையாகிய யானையின் உயிர்த் துடிப்பும் அவ்வாறே ஓசையாகப் பெருகி வழிகிறது. இச்சொல்லின் சிறப்பினாலேயே பாட்டுக்கு 'மலைபடுகடாம்' என்று பெயர் அமைந்ததாக உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காரணம் காட்டுகிறார்.

அத்தகைய சொல் ஏட்டுச் சுவடியில் கிடந்து செல்லுக்கு இரையாகியிருக்கக் கூடும். 1889-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டதனால் அது நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

நிகண்டைப் புரட்டினால் யானைக்கும் மலைக்கும் பல பெயர்கள் கிடைக்கும்; ஆனால் இவ்விரண்டையும் இணைக்கும் சொல்லை நிகண்டு எடுத்துக் கொடுக்காது. மலையைக் கேட்டவருக்கே அது கிடைக்கும். மாணாக்கருக்கு வியாசம் கற்பிக்கும் என் போன்றோர் தினந்தோறும் காண்பது என்ன? எந்த மலைக்குப் போய் வந்தாலும் பிள்ளைகள் "கண்கொள்ளாக் காட்சி" என்றே எழுதுகிறார்கள். கண்டது அவர்களுடையது, சொல்லோ இரவல்!

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் குடும்பத்தோடு செல்லும் நேயர்கள் ஒன்று செய்யலாம். அங்கே மலைவாழ் மக்கள் இன்றும் சாமை விளைவிக்கிறார்கள், தேன் எடுக்கிறார்கள். பிள்ளைகளை அவர்களிடம் அழைத்துச் சென்று, "ஐயா, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று கேட்கச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் கேட்டதை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதி, அடித்து, மீண்டும் எழுதும்போது குழந்தையின் முகம் ஒரு கணம் மலருமானால், அதற்கு உரிய சொல் கிடைத்துவிட்டது என்று அறிந்து கொள்ளலாம்.