வெடிக்கும் காரின் நோயை அறிவோம்



பழைய கார் ஒன்று வீதியில் ‘படார்’ என்று வெடித்தால் வேறு நாட்டவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எமது ஊர்களில் இன்றும் சிலர் குனிந்துவிடுகிறார்கள். யுத்தம் 2009இல் முடிந்தாலும் அந்தச் சத்தத்தின் பயம் எம்மில் பலரை விட்டுப் போகவில்லை. அப்படிப்பட்ட ஊரில் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருத்தி, தன் கார் ஏன் வெடிக்கிறது என்று கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

நான் மொரிஸ் மைனர் 1000 ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறேன். அது மாமா வாங்கிய கார். இங்கிலாந்தில் 1971உடன் இக்கார்களின் உற்பத்தி முடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் சில இன்னும் ஓடுகின்றன. காலையில் பாடசாலைப் பிள்ளைகள், கிழமையில் இரண்டு நாள் கிளினிக்கிற்குப் போகும் முதியவர்கள். இதுதான் எங்கள் வீட்டு வருமானம்.

சென்ற வருடம் கார் மிஸ் அடிக்கத் தொடங்கியது. ஆட்களை ஏற்றினால் இழுவை இல்லை. பிறகு சைலன்சரில் வெடிக்கவும் தொடங்கியது. கிளினிக்கிற்கு வரும் ஓர் அம்மா பின் சீற்றில் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். அடுத்த கிழமை அவர் பஸ்ஸில் போனார். ஒரு கராஜில் காபரேற்றரை மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொன்றில் எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார்கள். இரு இடத்திலும் ஒரு பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

இந்த எஞ்சின் எனக்குப் புதிதல்ல. 1990களின் பெற்றோல் தடைக் காலத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டியதை மூத்த சகோதரிகள் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெய் சரியாக எரியாமல் பிளக்குகளில் கரி பிடிக்கும். மாமா அவற்றைக் கழற்றித் துப்புரவாக்கும்போது விளக்குப் பிடித்தவள் நான். எனவே நானே ஒழுங்காகத் தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

சத்தம் எங்கே?

எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவையை உறிஞ்சி, அமுக்கி, பிளக்கின் பொறியால் எரித்து, புகையை வெளியே தள்ள வேண்டும். ஒன்றில் எரிதல் தவறினால் எஞ்சின் நொண்டும். அதைத்தான் மிஸ் அடிப்பது என்கிறோம். எரியாத கலவை வெளியேறி, சூடான சைலன்சருக்குள் தீப்பிடித்தால் பின்னால் வெடிக்கும். சைலன்சர்க் குழாயின் பொருத்தில் ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே போனால் வெடிப்பு இன்னும் கூடும்.

முன்பக்கம் காபரேற்றர் வழியாகத் துப்பினால் காரணம் வேறு. கலவையில் பெற்றோல் குறைவாக இருக்கலாம். பொறி விழும் நேரம் பிசகியிருக்கலாம். உறிஞ்சும் வால்வு மூடாமல் இருக்கலாம். பிளக் வயர்கள் இடம் மாறியும் இருக்கலாம். மொரிஸ் மைனரில் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2 ஆகும். ஆகவே முதலில் சத்தம் முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். என் காரில் அது பின்னால்தான் வந்தது.

எந்தச் சிலிண்டர்?

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். அருகில் அடுப்போ பெற்றோல் கானோ இருக்கக்கூடாது. கியரை நியூற்றலில் விட்டு ஹான்ட் பிரேக்கைப் போடுங்கள். சேலைத் தலைப்பையும் பின்னலையும் இறுக்கிக் கட்டுங்கள். எஞ்சின் விசிறி இரக்கம் பார்க்காது.

எஞ்சினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழற்றுங்கள். அதன் நுனியில் ஒரு பழைய பிளக்கைப் பூட்டி, பிளக்கின் இரும்புப் பாகம் எஞ்சின் உலோகத்தில் படும்படி நன்றாக இருத்துங்கள். பிறகு ஸ்ராட் செய்யுங்கள். ஓடும்போது வயரைத் தொடவேண்டாம். அதில் பல்லாயிரம் வோல்ற் பாயும். எஞ்சினின் நொண்டல் முன்பைவிடக் கூடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. ஒரு மாற்றமும் இல்லையென்றால் நோய் அங்கேதான். எனக்கு மூன்றாவது சிலிண்டரில் மாற்றம் தெரியவில்லை.

பொறியா, பெற்றோலா, வால்வா?

அடுத்து பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள். இளம் மண்ணிறம் நல்லது. உலர்ந்த கரி இருந்தால் பெற்றோல் கூடுதல், அல்லது பொறி பலவீனம். வெள்ளை வெளேர் என்றால் பெற்றோல் குறைவு. எண்ணெய் ஈரம் இருந்தால் உள்ளே தேய்மானம். பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம் இருக்க வேண்டும்.

மூன்றாவது பிளக்கை நான்காவதன் இடத்துக்கு மாற்றினேன். நோய் பிளக்கோடு நகரவில்லை. எனவே பிளக் நல்லது. வயரையும் வேறு ஒன்றுடன் மாற்றிப் பார்த்தேன். நோய் அப்போதும் மூன்றிலேயே நின்றது. ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

இரவில் பொனற்றைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, எட்ட நின்று பார்த்தேன். வயரிலோ டிஸ்ரிபியூற்றர் மூடியிலோ வெடிப்பு இருந்தால் இருட்டில் நீலப் பொறி தெரியும். ஒன்றும் தெரியவில்லை. பொயின்ற் இடைவெளியும் சரியான 0.015 அங்குலத்தில் இருந்தது. பொயின்ற், கண்டென்சர், கொயில் ஆகியவை நான்கு சிலிண்டருக்கும் பொதுவானவை. அவற்றில் பிழை என்றால் எஞ்சின் முழுவதும் தடுமாறும். காபரேற்றரும் ஒன்றுதான், அது தனியே மூன்றாவதை மட்டும் கெடுக்காது. புதிய காபரேற்றருக்கான காசு இப்படித்தான் என் கையில் மிஞ்சியது.

கடைசியாக, எஞ்சின் நன்றாக ஆறியபின் ரொக்கர் கவரைக் கழற்றினேன். வால்வு இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வில் பீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. வால்வு முழுதாக மூடாததால் அமுக்கம் கசிந்தது. எரியாத கலவை சைலன்சருக்குப் போய் வெடித்தது.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. இவ்வகை எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஈயம் வால்வு அமரும் இருக்கையைத் தேயாமல் காத்தது. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. அது எம் பிள்ளைகளின் உடல் நலத்துக்கு நல்லது. ஆனால் பழைய எஞ்சினில் இருக்கை மெல்லத் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கி, இடைவெளி இல்லாமற் போகிறது.

எட்டு வால்வுகளையும் முன்னாலிருந்து எண்ணுங்கள். சரிசெய்யும் வால்வின் எண்ணும், முழுதாகத் திறந்து கீழே இருக்கும் வால்வின் எண்ணும் கூட்டினால் 9 வர வேண்டும். எனது பழுது 5ஆவது வால்வில். ஆகவே 4ஆவது முழுதாகக் கீழே வரும்வரை எஞ்சினைக் கையால் சுற்றி, 5ஐச் சரிசெய்தேன். மிஸ்ஸிங் நின்றது. சைலன்சர்ப் பொருத்தையும் இறுக்கினேன். வெடிச்சத்தமும் நின்றது.

இது நிரந்தர மருந்தல்ல. இருக்கை இன்னும் தேயும். ஒருநாள் எஞ்சின் ஹெட்டைக் கழற்றி, கடினமான இருக்கை வளையம் போடவேண்டும். அதற்காக மாதாமாதம் சிறு தொகை சேர்க்கிறேன். அதுவரை இடைவெளியை அடிக்கடி அளந்து, திகதியோடு கொப்பியில் எழுதி வைக்கிறேன்.

சகோதரிகளே, ஒரு பிளக் சாவி, ஒரு பீலர் கேஜ், இரண்டு ஸ்பனர், ஒரு பழைய பிளக், ஒரு கொப்பி. தொடங்குவதற்கு இவை போதும். கராஜுக்குப் போக நேர்ந்தாலும் “கார் வெடிக்கிறது” என்று மட்டும் சொல்லாதீர்கள். “மூன்றாவது சிலிண்டர் வேலை செய்யவில்லை, பிளக்கும் வயரும் மாற்றிப் பார்த்துவிட்டேன்” என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்பவளிடம் தேவையில்லாத சாமானை விற்பது சுலபமல்ல.